உதவி கேட்கும் முன்

ஊர் நீர், ஊர்ப் பணம் – 9

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் கிராம சபை கூடினால் ஏரி பற்றிய பேச்சு வராமல் போவது அபூர்வம். கரை கரைந்துவிட்டது, மதகு அடைத்துக்கொண்டது, வரத்துக்கால்வாயில் தண்ணீரைவிடக் குப்பைதான் அதிகம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். கடைசியில் ஒருவர், “இத்தனை கம்பெனி இருக்குது, சி.எஸ்.ஆர்.ல எழுதிக் கேட்டுப் பார்க்கலாமே” என்பார். எல்லோருக்கும் அது சரியென்று படும். படித்த பிள்ளை ஒருவரிடம் புரபோசல் எழுதும் வேலை போய்ச் சேரும்.

சென்ற வாரம் அரசு தரும் பணத்தைப் பார்த்தோம். குடிமராமத்தில் விவசாயிகள் 10 சதவீதம் போட வேண்டியிருந்தது. நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு ஊரின் பொறுப்பு. கம்பெனிப் பணத்துக்கு அப்படி எதுவும் போட வேண்டாம் என்பதால் அது சுலபம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் எழுத உட்காருமுன் ஊர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த ஏரி எதனால் கெட்டது?

வண்டல் சேர்ந்தோ, சீமைக்கருவேலம் மண்டியோ, பராமரிப்பு இல்லாமலோ கெட்டிருந்தால் உதவி கேட்கலாம். ஆலைக் கழிவு கலந்து கெட்டிருந்தால் நிலைமை வேறு. அது ஊருக்கு வரவேண்டிய பாக்கி. பாக்கியை உதவியாகக் கேட்டு மனு எழுதினால், கெடுத்தவர் கொடையாளி ஆகிவிடுவார். திறப்பு விழாவில் அவருக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு ஊர் போய்விடும். இதை நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்; இதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறோம். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: வேறு சட்டத்தின்படி ஒரு நிறுவனம் செய்தே ஆகவேண்டிய வேலை சி.எஸ்.ஆர். கணக்கில் வராது. கழிவை முறையாகச் சுத்திகரிப்பதும், தன்னால் வந்த கேட்டைச் சரிசெய்வதும் அப்படிப்பட்ட கடமைகள்.

இந்தப் பொறுப்பு நம் நாட்டில் உறுதியானதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு அதில் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டையும், கெட்ட சூழலை மீட்க ஆகும் செலவையும் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கவும் உத்தரவானது. இன்று அந்தப் பாக்கியைக் கேட்க இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதை அமைத்த 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு இழப்பீட்டோடு, கெட்ட இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் ஆணையிட வழி தருகிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் மனுப் போட வேண்டும். ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கிப் பதிலுக்குக் காத்திருக்கும் ஊருக்கு இந்த ஐந்தாண்டு கைநழுவிப் போய்விடக் கூடாது.

“கழிவுதான் காரணம்னு எப்படிங்க நிரூபிக்கிறது?” என்று கேட்பார்கள். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். 2004-இல் அங்கே கிராமத்தவர்களே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அவர்கள் கையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி. மூடியை இறுக்கிய வாளிக்குள் ஒரு தனிவகைப் பை. வாளியில் உள்ள காற்றைச் சிறு பம்பு உறிஞ்சி எடுக்க எடுக்க, வெளிக்காற்று குழாய் வழியாகப் பைக்குள் நிறையும். நாற்றம் தாங்க முடியாத நேரத்தில் நிரப்பிய பையை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கூடவே ஒரு நோட்டு: எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன மாதிரி நாற்றம், யாருக்குக் கண் எரிந்தது. அழுகிய முட்டை மாதிரியா, நகப்பூச்சு மாதிரியா என்பதுகூட அதில் ஏறியது. அந்த வாளியைவிட அந்த நோட்டுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்கு எந்த நிதியும் வேண்டாம், நாற்பது பக்க நோட்டும் விடாத பழக்கமும் போதும்.

கெட்டதற்குப் பாக்கி கேட்பது ஒருபுறம் இருக்க, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இருந்துகொண்டு தேர்வாய் கண்டிகையைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஊரை ஒட்டிய ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் மேய்க்கால் நிலத்தில் மரம் வளர்த்துக் காத்துவந்தார்கள். ஆடுமாடு மேய்ந்தது அங்கே, விறகு கிடைத்தது அங்கே. ஏரிகளுக்கு நீர் வந்ததும் அந்தக் காட்டை நம்பித்தான். அந்த நிலம் சிப்காட்டுக்கு எடுக்கப்பட்டபோது கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். 2009-இல் மிஷெலின் டயர் நிறுவனத்தோடு தமிழக அரசு ஒப்பந்தம் செய்தது. 2012-இல் ஊர்ச் சங்கமும் தமிழ்நாட்டு, பிரெஞ்சு அமைப்புகளும் சேர்ந்து பிரான்சு வரை போய்ப் புகார் கொடுத்தன. ஆனாலும் தொழிற்சாலை வந்தது. அருகிலேயே கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டிய அரை டி.எம்.சி. நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் சென்னையின் குடிநீருக்காகத் திறக்கப்பட்டது.

இத்தனை பெரிய காட்டை எந்த மானியமும் இல்லாமல் வளர்த்த ஊரை, மரக்கன்று நட நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் நிலையில் வைப்பது நியாயமா? இருக்கிறதைக் காப்பதற்கென்று நம் படிவங்களில் ஒரு பத்தி கிடையாது. புதிதாக ஒன்றைச் செய்தால்தான் பணம்.

ஆலை வருமுன்பே ஊர் பேச ஒரு வழி உண்டு. புதிய ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், அதைத் தவறவிட வேண்டாம். அங்கே எழுப்பும் கோரிக்கைக்கு நிறுவனம் தரும் உறுதிமொழியைச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. அப்படிச் சேர்ந்தது அனுமதியின் பகுதி. நிறைவேற்றாவிட்டால் கேள்வி கேட்கலாம். ஏற்கெனவே அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கு இந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு இருப்பது, சிப்காட்டை ஒட்டி வாழ்பவர்களுக்குப் பெரிய இழப்பு.

சரி, ஏரி உண்மையிலேயே பராமரிப்பின்றித்தான் கெட்டது, உதவி கேட்பதே முறை என்று வைத்துக்கொள்வோம். அப்போது எழுத்து மனுவாக இருக்கக் கூடாது. “ஏரியைத் தூர்வாரித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்பது மனு. சர்வே எண் என்ன, ‘அ’ பதிவேட்டில் பரப்பு எவ்வளவு, புல வரைபடத்தில் இருக்கும் கால்வாய் தரையில் எந்த இடத்தில் காணாமல் போகிறது, எந்த மதகு எந்த வயலுக்குப் பாய்கிறது என்று எழுதினால் அது முன்மொழிவு. கல் கட்டிய கயிற்றை எடுத்துக்கொண்டு சுயஉதவிக் குழுப் பெண்கள் ஒரு காலை நேரம் இறங்கினால், பத்து இடத்தில் ஆழம் பார்த்துக் குறித்துவிடலாம். ஏரி யாருடையது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் என்றால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். அவர்களின் அனுமதிக் கடிதம் இல்லாத காகிதத்தை எந்த நிறுவனமும் புரட்டிப் பார்க்காது.

கம்பெனிப் பணம் ஊர்க்குழுவின் கைக்கு நேராக வராது. நிறுவனம் தானே வேலையைச் செய்யாவிட்டால், வருமான வரிச் சட்டப்படியான பதிவும் மூன்றாண்டு அனுபவமும் உள்ள அறக்கட்டளையோ சங்கமோ நடுவில் வேண்டும். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் இளகிய மனத்தோடு இருக்கிறது. 1992-இல் தொடங்கிய அத்திட்டத்தில் ஒரு வேலைக்கு நீண்ட காலம் 50,000 டாலர் வரை கிடைத்துவந்தது. ஊரார் தரும் உடலுழைப்பையும் அவர்கள் பங்காகவே எண்ணுகிறார்கள்.

எங்கே கேட்டாலும் மூன்றாவது வருடம் கரையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பத்தியை முதலில் எழுதுங்கள். மீன்பிடி ஏலத் தொகையில் ஒரு பகுதி, ஊரக வேலைத் திட்ட ஆட்கள், மதகைத் திறந்து மூடும் ஒருவருக்குச் சம்பளம் என்று அதில் கணக்கு இருக்கட்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக்கி, கூட்டம் கலையும் முன்பே நகல் வாங்கிவிடுங்கள்.

அடுத்த வாரம்: மணல் மூடும் பழவேற்காடு முகத்துவாரத்துக்காக மீனவர்கள் எழுதிய மனுக்கள்.