கரிசல் மண்ணில் கடைக்கால்

நாகபுரியிலும் இந்தூரிலும் போபாலிலும் குடியேறி வாழும் நம்மவர்களில் சிலர், சேமித்த பொருளையெல்லாம் திரட்டிச் சிறு வீடு ஒன்று கட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, சன்னலின் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஓடும் வெடிப்பைக் கண்டு மனம் நொந்திருக்கக்கூடும். மேஸ்திரியைக் குறை கூறுவோம், சிமெண்டைக் குறை கூறுவோம், பூசி மறைப்போம். அடுத்த கோடையில் அவ்வெடிப்பு அங்கேயே மீண்டும் வாய் திறக்கும். பல வீடுகளில் இதற்குக் காரணம் சுவருக்கு அடியிலுள்ள மண்ணே ஆகும்.

இந்தியில் ‘காலி மிட்டி’ என வழங்கும் அம்மண் நமக்குப் புதியதன்று. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்தார் கரிசல் என்று அழைப்பது இவ்வினத்தைச் சேர்ந்ததே. இதிலுள்ள மாண்ட்மோரில்லனைட் என்னும் நுண்ணிய களிமண் கனிமம், நீரைத் தன் அடுக்குகளுக்கிடையே ஏற்றுப் பருக்கும். நீர் வற்றினால் சுருங்கும். மழைக்காலத்தில் நிலம் எழும்பும். கோடையில் கை நுழையுமளவு பிளக்கும். ஈரத்தை இறுகப் பிடித்து வைத்துக்கொள்வதால் பருத்திக்கு இது நல்ல நிலம். வீட்டுக்கோ பகை.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. பல மாடிக் கட்டடம் தன் பாரத்தாலேயே மண்ணின் எழுச்சியை ஓரளவு அடக்கிக்கொள்ளும். ஓரடுக்கு வீட்டுக்கு அப்பாரம் இல்லை. ஆதலின் எளியோர் கட்டும் சிறு வீடே முதலில் அசைகிறது.

1947ஆம் ஆண்டில் ரூர்க்கியில் தோன்றிய மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், 1950களில் இச்சிக்கலை ஆராயத் தொடங்கியது. தினேஷ் மோகன் முதலிய பொறியியலாளர்கள் இதில் ஈடுபட்டனர். பருவந்தோறும் ஈரம் ஏறி இறங்குவது நிலத்தின் மேற்பகுதியில்தான். ஏறக்குறைய மூன்றரை மீட்டருக்குக் கீழே மண் பெரும்பாலும் அசையாதிருக்கும். வீட்டின் பாரத்தை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். அதற்கு அவர்கள் வகுத்த சாதனத்தின் பெயர் ‘அண்டர் ரீம்டு பைல்’. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கும் இதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் எளிதில் கிட்டவில்லை. அடிக்குடத் தூண் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தில் குறுகிய துளையிட்டு, அதன் அடியை மட்டும் தூணின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து, கம்பியும் கான்கிரீட்டும் இட்டு நிரப்புவார்கள். மேல்மண் பருத்துத் தூணை மேலே இழுத்தாலும், அடியிலுள்ள குடம் அதைப் பிடித்து நிறுத்தும்.

பிற நாடுகளிலும் அடி அகன்ற தூண்கள் வழக்கத்தில் இருந்தன. டெக்ஸாஸில் அவற்றுக்குத் துளையிட இயந்திரங்கள் உண்டு. நம் சிற்றூர்க் கொத்தனார் அவற்றுக்கு எங்கே போவார்? ரூர்க்கியார் கையால் சுழற்றும் துளைக்கருவியையே இதற்கு அமைத்தனர். கீழே அழுத்தினால் அதன் வெட்டலகுகள் விரியும்; மேலே தூக்கினால் மடங்கும்; வெட்டிய மண் வாளியில் விழும். சில ஆட்களும் ஒரு முக்காலியும் இருந்தால் வேலை நடக்கும். இவ்வாராய்ச்சியில் நான் பெரிதாக மதிப்பது இப்பகுதியைத்தான். 1980இல் வெளியான இந்தியத் தர விதியில் இத்தூண்களுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கப்பட்டுள்ளது.

கரிசல் நிலத்தில் மனை வாங்கும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூண்களின் தலைகளை இணைத்துச் சுவரைத் தாங்கும் உத்தரத்திற்கும் தரைக்கும் இடையே, எட்டு சென்டிமீட்டரேனும் வெற்றிடம் விடவேண்டும் என்பது விதி. மண் பருத்தெழ அங்கே இடம் இருத்தல் வேண்டும். பார்வைக்கு ஒழுங்கில்லை என்று அதை மண்ணும் ஜல்லியும் இட்டு இறுக அடைத்துவிட்டால், எழும் நிலம் நேரே உத்தரத்தைத் தள்ளும். தூணுக்குச் செலவிட்ட பணம் வீணாகும். உத்தரம் வார்க்கும் நாளில் வீட்டுக்காரர் அருகில் இருந்து பார்ப்பது நல்லது.