ஊர்ப் பெயரில் ஒலிக்கும் யாப்பு

ஜோகூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், 'செய்யுளும் மொழியணியும்' என்னும் பகுதிக்காக ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் திருக்குறளையும் மனனம் செய்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியும் நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டியும் ஒப்பிக்கும் குழந்தைக்கு, யாப்பிலக்கணத்தின் பெரும்பகுதி செவி வழியாக ஏற்கெனவே வசமாகிவிட்டது. ஆயினும் அதே குழந்தை வளர்ந்து, அசை, சீர், தளை, தொடை என்ற பரிபாஷைச் சொற்களைச் சந்திக்கும்போது, இது பண்டிதர்களுக்கு உரிய விஷயம் என்று அஞ்சி விலகிவிடுகிறது. காதால் கேட்டு அறிய வேண்டியதைச் சூத்திரமாகக் கண்ணுக்கு முதலில் காட்டிவிடுவதே இந்த அச்சத்துக்குக் காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை 34 என்று எண்ணுகிறது. பிற்காலத்தில் அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகையில் அவற்றின் சாரத்தை மாணாக்கர்க்குச் சுருக்கித் தந்தார். அத்தனையையும் கற்காமலே கவிதையை அநுபவிக்கலாம். ஆனால் அசையை மட்டும் விட்டுவிடுதல் ஆகாது. இரண்டு குறில் இணைந்தோ, குறிலை அடுத்து நெடில் வந்தோ ஒரே வீச்சில் ஒலிப்பது நிரையசை. அவ்வாறு இணையாமல் ஒரு குறிலோ நெடிலோ தனித்து நிற்பது நேரசை. பின்னால் ஒட்டி வரும் மெய்யெழுத்து இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. இவ்விரண்டு அசைகளும் சேர்ந்து சீராகின்றன. ஈரசைச் சீர்களுக்கு நம் முன்னோர் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று மரப்பெயர்களை வைத்தார்கள். ஒவ்வொரு பெயரும் தான் குறிக்கும் ஓசையைத் தானே ஒலித்துக் காட்டும் என்பதில்தான் அவர்களுடைய சாதுரியம் விளங்குகிறது.

இனி நம் ஊர்ப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஜோ-கூர் என்பது நேர் நேர், ஆகவே தேமா. குளு-வாங் புளிமா. பொந்-தியான் கூவிளம். உலு-திராம் கருவிளம். நான்கு வாய்பாடுகளும் இந்த ஒரு மாநிலத்திலேயே கிடைக்கின்றன! இவற்றை 'ஜோகூர் குளுவாங் உலுதிராம் பொந்தியான்' என்று வரிசைப்படுத்தினால், நாற்சீர் கொண்ட அளவடி ஒன்று அமைகிறது. அதுமட்டுமன்று, வெண்பாவுக்கு உரிய தளையும் அதில் பிறழாமல் நிற்கிறது. மாச்சீருக்குப் பின் நிரையும், விளச்சீருக்குப் பின் நேரும், மூன்று அசை கொண்டு நேரில் முடியும் காய்ச்சீருக்குப் பின் நேரும் வருவதே வெண்டளை. பொந்தியானை முன்னே வைத்து உலுதிராமை அதன் பின்னே சொன்னால், விளத்தின் பின் நிரை வந்துவிடுகிறது. அக்கணமே ஓசை ஆசிரியப்பாவுக்கு உரிய அகவலின் பக்கம் சாய்ந்து, வெண்பா கெடுகிறது. தளை என்பது இவ்வளவே: ஒரு சீரின் இறுதி அடுத்த சீரின் தொடக்கத்தோடு கொள்ளும் உறவு.

அளவு பொருந்தியதால் அந்த ஊர்ப்பட்டியல் கவிதை ஆகிவிடாது. அதில் பொருளும் இல்லை, தொடையும் இல்லை. தொடையில் மோனை என்பது முதலெழுத்து ஒன்றுவது. எதுகை என்பது முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாம் எழுத்து ஒன்றுவது. 'தோட்டம்' என்பதற்குக் 'கூட்டம்' எதுகையாகும். 'பட்டணம்' ஆகாது, ஏனெனில் முன்னது நெடிலிலும் பின்னது குறிலிலும் தொடங்குகின்றன.

இங்கே நம் அயலாரின் பந்துனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நான்கு அடிகளைக் கொண்ட அந்த மலாய்க் கவிதையில், முதலிரண்டு அடிகள் ஆற்றையோ மரத்தையோ காட்டி நிழல் விரிக்க, பின்னிரண்டு அடிகள் உள்ளக் கருத்தை வெளியிடுகின்றன; முதலடி மூன்றாமடியோடும், இரண்டாமடி நான்காமடியோடும் ஈற்றில் ஒலி ஒன்றுகின்றன. மலேசியாவும் இந்தோனேசியாவும் கூட்டாக முன்மொழிய, 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை மானிட குலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. மலாய்ச் செவி அடியின் முடிவில் ஒலியொற்றுமைக்குக் காத்திருக்கிறது. தமிழ்ச் செவியோ அதனை அடியின் தொடக்கத்திலேயே எதிர்பார்க்கிறது. ஈற்றில் ஒன்றும் இயைபு நம்மிடமும் உண்டெனினும், எதுகை மோனைக்குத் தந்த சிம்மாசனத்தை நம் புலவர்கள் அதற்குத் தரவில்லை. பழைய ஜோகூர்-ரியாவ் அரசின் மரபில் வந்த ராஜா அலி ஹாஜி, பெஞ்ஞெங்காட் தீவிலிருந்து 1847இல் அளித்த குரிண்டாம் நூலும் ஈரடிகளில் நீதி சொல்வதே. ஏழு சீரில் முடியும் குறள் வெண்பாவைப் பயின்ற நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. இரு மொழிகளும் நாள்தோறும் காதில் விழும் நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு வாய்த்த இந்தப் பாக்கியம், தமிழகத்துப் பிள்ளைகளுக்குக் கூட எளிதில் கிட்டாதது.

ஆதலால் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: யாப்புப் பாடத்தின் முதல் நாளில் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதாதீர்கள், மாணவர் ஒவ்வொருவரையும் தம் பெயரையும் தம் ஊரின் பெயரையும் உரக்கச் சொல்லி அசை பிரிக்கச் செய்யுங்கள்.