எட்டும் ‘எய்ட்’டும் சொந்தமா? வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு பழைய ஜெர்மானிய மொழிகள் சொல்லும் பதில்!

திருவாரூர் மாவட்டத்தின் கூத்தாநல்லூரில் பல குடும்பங்களுக்கு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். தமிழ், அரபி, ஆங்கிலம் மூன்றும் ஒரே வீட்டில் காதில் விழும் ஊர். அப்படி ஒரு வீட்டு ஃபேமிலி குரூப்பில், “எட்டுதான் எய்ட் ஆச்சு, ஒன்றுதான் ஒன் ஆச்சு. தமிழனா இருந்தா ஷேர் பண்ணு” என்று ஒரு மெசேஜ் வருகிறது. நம்பலாமா?

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அதன் வயது 200 ஆண்டுகளுக்கு மேல்.

மீன் எப்படி ‘ஃபிஷ்’ ஆச்சு?

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, டேனிஷ், ஐஸ்லாந்திக் எல்லாம் ஒரே ஜெர்மானியக் குடும்பம். அவற்றின் தாய்மொழிக்கு நேரடி எழுத்துப் பதிவு இல்லை. 4-ம் நூற்றாண்டில் உல்ஃபிலா செய்த கோதிக் பைபிள் மொழிபெயர்ப்பு, பழைய ஆங்கிலம், பழைய நோர்ஸ் போன்றவற்றை ஒப்பிட்டுத்தான் அதை ஊகிக்கிறார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முஸ் ராஸ்க் 1818-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு ஒழுங்கைக் காட்டினார். 1822-ல் அதை விரிவாக விதியாக்கியவர் யாக்கோப் கிரிம். ஆமாம், தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம் சகோதரர்களில் ஒருவர்!

லத்தீனில் ‘பிஸ்கிஸ்’, ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’. அங்கே ‘ட்ரேஸ்’, இங்கே ‘த்ரீ’. அங்கே ‘கார்னு’, இங்கே ‘ஹார்ன்’. ஒன்றிரண்டு சொற்களில் மட்டும் இல்லை, சொல்லின் முதலில் ‘ப’ வரும் இடத்தில் ‘ஃப’, ‘க’ வரும் இடத்தில் ‘ஹ’ என்று வரிசையாக மாறியிருக்கிறது.

அப்படியென்றால் ஆங்கிலத்தில் ‘பெடல்’ எப்படி வந்தது? அது பிற்காலத்தில் பிரெஞ்சு வழியாக வந்த கடன் சொல். மாற்றம் முடிந்த பிறகு வந்ததால் ‘ப’ தப்பித்தது. கால் என்ற அதே வேரிலிருந்து ஆங்கிலத்துக்குப் பரம்பரையாக வந்த சொல் ‘ஃபுட்’.

நம்ம பக்கமும் இதே கதைதான்

கூத்தாநல்லூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர் முதல் வாரமே இதைக் கேட்டுவிடுவார். பால் அங்கே ‘ஹாலு’, பத்து ‘ஹத்து’, புலி ‘ஹுலி’, பல் ‘ஹல்லு’. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ‘ப’தான் இருந்தது, பிறகுதான் ‘ஹ’ ஆனது. ‘புஸ்தக’ மாதிரி கடன் சொற்கள் மட்டும் மாறவில்லை. அச்சு அசல் பெடல் கதை!

உடனே “தமிழ்தான் மாறாத மொழி” என்று சொல்லிவிட முடியாது. காதுக்கு கன்னடத்தில் ‘கிவி’, தமிழில் ‘செவி’. இங்கே பழைய ‘க’வை வைத்திருப்பது கன்னடம். மாறியது தமிழ்.

அரபியிலும் பழைய ‘ப’ தான் ‘ஃப’ ஆனது. வாய்க்கு ஹீப்ருவில் ‘பே’, அரபியில் ‘ஃபம்’. அதனால்தான் தமிழை அரபி எழுத்தில் எழுதும் அர்வி எனும் அரபுத்தமிழில் ‘ப’வுக்கு என்றே தனி எழுத்து உருவாக்க வேண்டியிருந்தது. தமிழ் எழுத்தில் ‘ஃபஜ்ர்’ என்று எழுத நாம் ஆய்த எழுத்தைத் துணைக்குக் கூப்பிடுவதும் அதே பிரச்சினையின் மறுபக்கம்தான்.

சரி, எட்டு என்ன ஆச்சு?

‘எய்ட்’டின் சொந்தக்காரர்கள்: ஜெர்மனில் ‘அக்ட்’, லத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. தமிழில் எண்பது, எண்ணூறு, எண்திசை என்று பார்த்தால் எட்டின் வேர் ‘எண்’. கன்னடத்திலும் ‘எண்டு’. பின்னால் போகப்போக இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன.

‘ஒன்’னும் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’, இன்றைய ஜெர்மனில் ‘ஐன்ஸ்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. இன்றைய உச்சரிப்பு ஒத்துப்போவது தற்செயல்.

அதே நேரம் கட்டுமரத்திலிருந்து ‘கேட்டமரான்’, மிளகுத்தண்ணியிலிருந்து ‘மல்லிகடானி’, சுருட்டிலிருந்து ‘செரூட்’ வந்தது உண்மை. வணிகம், ஆட்சி வழியாகப் போன கடன் சொற்கள் அவை. அதனால் மொழிகள் ஒரே குடும்பமாகிவிடாது.

டெல்டாவுக்கு என்ன தொடர்பு?

1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது இதே டெல்டாவின் தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்த ஜெர்மானியர் சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. ராஸ்க்கும் 1820-ல் பம்பாய் வந்து, இலங்கை வரை போய், 1823-ல் பாலி, சிங்களச் சுவடிகளோடு கோபன்ஹேகன் திரும்பினார்.

அதற்கு முன்பே, 1816-ல், சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று சொற்களை ஒப்பிட்டுக் காட்டியிருந்தார். 1856-ல் கால்டுவெல் அதை விரிவாக நிறுவினார்.

தமிழின் தனித்தன்மையை நிரூபித்ததும் இந்த ஒப்பீட்டு முறைதான். அதனால் அடுத்த ஃபார்வர்டு வந்தால் மூன்று கேள்வி கேட்கலாம். இந்தச் சொல்லின் பழைய வடிவம் என்ன? இதே மாற்றம் வேறு சொற்களிலும் இருக்கா? இது கடன் சொல்லா? மூன்றுக்கும் பதில் வந்தால் தாராளமாக ஷேர் பண்ணலாம்.