மதிப்பெண் இல்லாத திருத்தம்

லண்டன் மாநகரப் பள்ளிகளில் கணக்கு ஆசிரியராக இருந்து, கிங்ஸ் கல்லூரிக்கு ஆய்வாளராகப் போனவர் டிலன் வில்லியம். 1998-இல் அவரும் இயற்பியலாளர் பால் பிளாக்கும் சுமார் 250 ஆய்வுகளை அலசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பாடம் நடக்கும்போதே பிள்ளைக்கு எது புரியவில்லை என்று கண்டுபிடித்து, அதற்கேற்பக் கற்பித்தலை மாற்றுகிற மதிப்பீடுதான் படிப்பை உயர்த்துகிறது. வருடக் கடைசியில் வரும் தேர்வு முடிவால் இது நடக்காது. அது வருவதற்குள் பாடமே முடிந்துவிடுகிறது. அவர்கள் எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்தது முக்கியமானது. சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், மற்றவர்களுக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களோ, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே முன்னேறாமல் நின்றார்கள். எண் கண்ணில் பட்டதும் குறிப்பை யார் படிக்கிறார்கள்?

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இது புதிய சங்கதியல்ல. 2012-13-இல் முப்பருவ முறையோடு, பாடத்தின் ஊடே நடக்கும் இந்த மதிப்பீடும் 'வளரறி மதிப்பீடு' என்ற பெயரில் இங்கே வந்தது. ஆனால் அதற்கு 40 மதிப்பெண் என்று ஒதுக்கியதும், அது பதிவேடு நிரப்பும் வேலையாகச் சுருங்கும் ஆபத்தும் கூடவே வந்தது. குறை கருத்தில் இல்லை. எண்ணாக மாற்றியதில் இருக்கிறது.

மதிப்பெண் இல்லாவிட்டால் பெற்றோருக்கு எப்படித் தெரியும் என்பது நியாயமான கேள்வி. பருவத் தேர்வில் மதிப்பெண் இருக்கட்டும். அன்றாட நோட்டுக்கு அது வேண்டாம் என்பதே என் வாதம். இதனால் பலன் குறைவு என்பார்கள் வேறு சிலர். இங்கிலாந்தில் 140 பள்ளிகளில் இரண்டு ஆண்டு நடந்த சோதனையில், வில்லியமின் முறையைப் பின்பற்றிய பள்ளிகளின் பிள்ளைகள் கூடுதலாக இரண்டு மாதப் படிப்புக்குச் சமமான முன்னேற்றம் கண்டார்கள். தொடக்கத்தில் எதிர்பார்த்ததைவிட இது குறைவுதான். ஆனால் அதற்குப் புதுக் கட்டடமோ கணினியோ தேவைப்படவில்லை. ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, தங்கள் வகுப்பில் செய்து பார்த்ததைப் பேசினார்கள், ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். இவ்வளவு சிக்கனமாகப் பள்ளியை மேம்படுத்தும் வழி எளிதில் கிடைக்காது.

ஆசிரியர்களே, அடுத்த கணக்கு நோட்டில் ஒவ்வொரு விடைக்கும் சரி, தவறு போடாதீர்கள். 'இந்த இருபதில் ஐந்து தப்பு. எவை என்று நீயே கண்டுபிடித்துத் திருத்து' என்று எழுதிக் கொடுங்கள். அதிகாரிகளே, அந்த மாதக் கூட்டத்துக்கான நேரத்தை அவர்களுடைய பணிநேரத்திலேயே ஒதுக்கிக் கொடுங்கள்.