உள்ளே முந்திரி இருக்காம்

துறைமுகத்து ஆங்கிலம் – 14

கன்டெய்னர் கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. ஈரச் சாக்கும் பூசணம் பிடித்த முந்திரிக்கொட்டையும் சேர்ந்த வாடை. சரக்கு ஐவரி கோஸ்ட்டிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருந்த சாக்குகள் கறுத்துப்போய், தொட்டால் கையில் பிசுபிசுத்தன. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன சர்வேயர் தம்பி, பையிலிருந்து சில்வர் நைட்ரேட் குப்பியை எடுத்தான். சாக்கைப் பிழிந்து எடுத்த தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பாலாக வெளுத்தது.

“கடல் தண்ணிதான் அண்ணாச்சி. பாத்தீங்கள்லா?”

பார்த்தேன். அந்த வெளுப்புக்குப் பின்னால் பெரிய பணம் இருக்கிறது. கொட்டை சரியாகக் காயாமல் ஏற்றப்பட்டிருந்தால், அதிலிருந்து கிளம்பும் ஈரம் கன்டெய்னரின் கூரையில் முத்துமுத்தாகப் படிந்து சாக்கின்மேல் சொட்டும். அதைக் கன்டெய்னர் வேர்வை என்போம். அது உப்பில்லாத தண்ணீர். குறை பெரும்பாலும் ஏற்றியவர் பக்கம் போகும். கடல்நீர் புகுந்திருந்தால் கேள்வி கப்பல்காரர் பக்கம் திரும்பும். யார் பணம் கட்டுவது என்ற வழக்கில் சர்வே அறிக்கைதான் முதல் சாட்சி.

அன்று சாயங்காலம் தம்பி எழுதிய அறிக்கை என் மேசைக்கு வந்தது. இருபது வருடமாக இந்த அறிக்கைகளின் ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் என் வேலை. சோதனை கடல்நீர் புகுந்ததை ‘ப்ரூவ்’ செய்கிறது என்று எழுதியிருந்தான். நிரூபிக்கிறதாம். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

“தம்பி, அந்த மருந்து எதைக் காட்டுது?”

“குளோரைடை, அண்ணாச்சி.”

“குளோரைடுன்னா உப்பு. உப்பு எங்கெருந்து வந்துச்சுன்னு அது சொல்லுமா?”

அவன் யோசித்தான். வேறு ஊரென்றால் இந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் இருக்காது. இது தூத்துக்குடி. சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளம். உப்பு லாரி போன தடத்தில் வெள்ளைப் பொடி கிடக்கும். போன நடையில் அதே கன்டெய்னரில் உப்பு ஏற்றியிருக்கலாம். சாக்கு எந்தத் தளத்தில் கிடந்து வந்ததோ, அங்கேயும் உப்பு இருந்திருக்கலாம். ஆகவே வெளுப்பு என்பது நாம் கண்டது. கடல் என்பது நாம் நினைப்பது. இரண்டையும் ஒரே வினைச்சொல்லில் கட்டக்கூடாது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் திரும்பப் போனோம். மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டு, வெறும் கன்டெய்னருக்குள் நின்று கதவை இழுத்துச் சாத்தினோம். உள்ளே கும்மிருட்டு, நெருப்புச் சூடு. கண் பழகியதும் மேல் மூலையில் மிளகு அளவுக்கு ஒரு வெளிச்சம். துருப்பிடித்த ஓட்டை. அதிலிருந்து பழுப்புக் கோடு கீழே இறங்கியிருந்தது, நனைந்த சாக்குகள் இருந்த இடத்துக்கு நேராக.

இப்போது ‘இண்டிகேட்’ போடலாம். சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன என்று பொருள். ஓட்டை அகப்படாமல் வெளுப்பு மட்டும் இருந்திருந்தால் ‘சஜெஸ்ட்’ என்று நிறுத்தியிருப்பேன். அப்படியும் இருக்கலாம் என்ற அளவுதான் அதற்கு. ‘ஷோ’ என்ற சொல்லைக் குளோரைடுக்கு மட்டும் ஒதுக்கினோம். ‘ப்ரூவ்’ வேண்டவே வேண்டாம் என்றேன். நிரூபணம் ஆனதா என்று சொல்ல வேண்டியவர் நீதிபதி. நாம் பார்த்ததைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆங்கிலத்தில் ‘சொன்னார்’ என்பதற்கு ஐம்பது சொல் கிடைக்கும். அகராதியைப் புரட்டினால் எல்லாம் ஒரே வரியில் அண்ணன் தம்பிபோல் நிற்கும். சலிப்புத் தட்டாமல் இருக்க மாற்றி மாற்றிப் போடு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். துறைமுக அறிக்கையில் அதுதான் பெரிய ஆபத்து. கேப்டன் ‘ஸ்டேட்’ செய்தார் என்றால், அவர் சொன்னதை அப்படியே பதிந்தோம், நம் அபிப்பிராயம் அதில் இல்லை. ‘அட்மிட்’ என்றால் அவர் தலையில் ஒரு குற்றத்தை ஏற்றி, அதை அவரே ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டோம். மழை நேரத்தில் கப்பலின் கிடங்கு மூடி திறந்திருந்தது என்று சாதாரணமாகச் சொன்ன மனிதர், அந்த ஒரு சொல்லால் குற்றவாளி ஆகிவிடுவார். ‘மெயின்டெய்ன்’ என்றால் எதிர்ப்பு வந்த பிறகும் அவர் சொன்னதையே சொல்கிறார். யாரும் மறுத்துப் பேசாத இடத்தில் அதைப் போட்டால், இல்லாத சண்டையை நாமே உண்டாக்கியதாகும்.

‘கிளெயிம்’ என்ற சொல்லை நான் கண்டிப்பாக விலக்கிவிடுவேன். ‘அவர் கூற்று’ என்ற பொருளில் பத்திரிகைக்காரர்கள் அதை எழுதலாம். எங்கள் ஊர்க் கப்பல் ஆபீஸ்களில் கிளெயிம் என்றால் நஷ்டஈடு கேட்பது. வேறு பொருளே கிடையாது. கேப்டன் ஏதோ கிளெயிம் செய்கிறார் என்று படித்தால், எவ்வளவு கேட்கிறார் என்றுதான் கேட்பார்கள். ‘அலெஜ்’ கொஞ்சம் நுட்பமானது. தமிழ்ச் செய்தித்தாளில் அது ‘குற்றம் சாட்டினார்’ என்று வந்து உட்காரும். சர்வே அறிக்கையில் அதற்கு அவ்வளவு சூடு இல்லை. சொன்னவர் சொன்னார், நாங்கள் சரிபார்க்கவில்லை, அவ்வளவே.

இந்தச் சரிபார்க்காமைக்குத் தமிழில் ஒரே ஒட்டு போதும் என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். வந்தான், வந்தானாம். அந்த ‘ஆம்’ ஒட்டியதும் பொறுப்பு நம் கையை விட்டுப் போய்விடுகிறது. தொல்காப்பியம் இலக்கணம் சொல்லும்போதே ‘என்ப’, ‘மொழிப’ என்று முன்னோர்மேல் வைத்துச் சொல்லும். யார் கண்டது, யார் சொன்னது என்று பிரிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. சீல் வைத்து வந்த கன்டெய்னருக்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் பி.எல்., அதாவது பில் ஆஃப் லேடிங், ‘செட் டு கன்டெய்ன்’ என்ற மூன்று சொல்லோடு வரும். கிடங்கில் பட்டியல் பார்க்கும் டாலி கிளார்க்கிடம் என்ன சரக்கு என்று கேட்டுப் பாருங்கள். “உள்ள முந்திரி இருக்காம்” என்பார். அந்த மூன்று சொல்லுக்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பை நான் பார்த்ததில்லை.

ஏற்றுமதியாளர் தாமே நிரப்பிப் பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கப்பல்காரருக்குத் தெரியாது. தெரியாததை ‘இருக்கிறது’ என்று எழுதினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய வழக்கு உண்டு. 1851இல் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்த கிரான்ட் எதிர் நார்வே வழக்கில், கேப்டன் 12 பேல் பட்டு ஏற்றப்பட்டதாகக் கையெழுத்திட்டிருந்தார். பட்டு கப்பலில் ஏறவே இல்லை. அந்தக் காகிதத்தை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் கப்பல் முதலாளிகள்மேல் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். ஏறாத சரக்குக்குக் கையெழுத்திடக் கேப்டனுக்கு அதிகாரம் இல்லை, அது முதலாளிகளைக் கட்டாது என்றது தீர்ப்பு. ஐந்து வருடம் கழித்து இந்தியாவில் வந்த 1856ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்றியதாகச் சொல்லும் பி.எல்.லை நம்பி விலை கொடுத்து வாங்கியவரிடம், கையெழுத்திட்டவர் பொதுவாகத் தன் சொல்லை மறுக்க முடியாது என்றது. ஏறக்குறைய 170 வருடம் அது நடப்பில் இருந்தது. 2025இல்தான் புதிய சட்டம் வந்தது.

பி.எல்.லும் கன்டெய்னரும் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் மூடிய சரக்கை விற்றிருக்கிறார்கள். முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்கும் நாட்களில், தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பிகளை எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும், ஒரு சிப்பியைக்கூடத் திறக்காமல். சலாபத்துக்கு முன்பே, கடலடியில் சிப்பி விளையும் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அறுத்து, அதில் கிடைத்த முத்தை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு வைத்திருப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று அது வெளியே தெரியும். ஆனால் அந்த விலை மாதிரியின் விலை. ஏலத்தில் குவித்திருக்கும் ஆயிரத்துக்குள் முத்து இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை; ஆயிரம் சிப்பி இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். தூத்துக்குடியில் அந்தச் சலாபம் கடைசியாக நடந்தது 1961இல்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது, தான் எழுதிய தாளைத் திரும்ப எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தான். ‘கன்டெய்னரில் 320 மூட்டை முந்திரி இருந்தது’ என்று எழுதியிருந்தான். நாங்கள் இறக்கி எண்ணியது நனைந்ததும் நனையாததுமாக 317. பேனாவை எடுத்து 320க்கு முன்னால் ‘செட் டு கன்டெய்ன்’ என்று சேர்த்தான். அடுத்த வரியில் ‘ஃபவுண்ட்’ என்று எழுதி, 317 போட்டான்.