கடல் பசு: முத்துக் கடலின் அமானிதம்

தூத்துக்குடி என்றதும் முத்துதான் நினைவுக்கு வரும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் நம் முன்னோர்கள் பலர் முத்து வணிகத்தால் செழித்தவர்கள். ஆனால் இங்கு கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டில். போதுமான சிப்பிகள் இல்லாததால் அந்தத் தொழிலே நின்றுபோனது.

அதே மன்னார் வளைகுடாவில் இன்று ஆபத்தில் இருப்பது கடல் பசு. மீனவர்கள் இதை 'ஆவுளியா' என்பார்கள். இது மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. சுமார் மூன்று மீட்டர் நீளம் வளரும். உணவு கடற்புல் மட்டுமே. ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கும் மேல் தின்னும்.

இதன் இனம் பெருகுவது மிக மெதுவாகத்தான். ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். அதனால் ஒரு தாய் செத்தால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஆபத்து மனிதர்களால்தான் வருகிறது. ஒரு காலத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் பகுதிகளில் இறைச்சிக்காகவே இதைப் பிடித்தார்கள். இன்று செவுள் வலையில் சிக்கினால், மூச்சுவிட மேலே வர முடியாமல் சில நிமிடங்களிலேயே இறந்துவிடுகிறது. இழுவை மடி அடிமண்ணைக் கிளறுவதால் மேய்ச்சலுக்கான கடற்புல்லும் அழிகிறது. கடற்புல் அழிந்தால் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர இடம் இருக்காது. கடைசியில் நஷ்டம் மீனவருக்கே.

"கடலில் உள்ளது ஹலால்தானே?" என்று சிலர் கேட்பதுண்டு. உண்ண அனுமதி என்பது இனத்தையே அழிக்க அனுமதி அல்ல. நாட்டின் சட்டமும் இதைத் தடுக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் பசு உள்ளது. 2001-இல் கடல் அட்டையும் கடல் குதிரையும் அதில் சேர்க்கப்பட்டன. இவற்றைப் பிடித்தாலும் விற்றாலும் சிறைத்தண்டனை உண்டு.

நல்ல செய்தியும் உண்டு. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடல் பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய கடல் பசுவை உயிருடன் விடுவித்த மீனவர்களை வனத்துறை பரிசளித்துக் கௌரவித்துள்ளது.

கடலோரக் குடும்பங்கள் செய்ய வேண்டியது இதுதான்: அந்த இறைச்சியை யாராவது தந்தால் மறுத்துவிடுங்கள். கடலுக்குப் போகும் உறவினர்களிடம், வலையில் சிக்கினால் வலையை அறுத்தாவது விடச் சொல்லுங்கள். முத்துக்குளிப்பை நம் பிள்ளைகள் கதையாகத்தான் கேட்கிறார்கள். கடல் பசுவையாவது அவர்கள் கண்ணால் காணட்டும், இன்ஷா அல்லாஹ்.