கடல் கடந்து கல்யாணமா? முதலில் பாட்டியின் அடையாள அட்டையைப் பாருங்கள்!

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். இன்றைய பிள்ளைகள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துவிட்டார்கள். கல்யாணத்தைக் கடல் கடந்து பண்ணிப் பார்!

பூக்கெட், பாலி, கிராபி, மாலைத்தீவு என்று கடற்கரை உல்லாச விடுதிகளின் பெயர்கள் இப்போது நம் வீட்டுக் கல்யாணப் பேச்சிலும் அடிபடுகின்றன. கிரிக்கெட் வீரர் விராட் கோலியும் நடிகை அனுஷ்கா சர்மாவும் 2017 டிசம்பரில் இத்தாலியில் மணம் முடித்தார்கள். நயன்தாரா, விக்னேஷ் சிவன் திருமணம் 2022 ஜூன் 9ஆம் தேதி மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் நடந்தது. படங்களைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆசை வராமல் இருக்குமா?

ஆசையில் தவறில்லை. ஆனால் இந்த விஷயத்தில் திட்டம் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறது. முதலில் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்து முன்பணம் கட்டுகிறார்கள். யார் வர முடியும், எங்கே பதிவு செய்வது என்பதெல்லாம் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

யாரெல்லாம் வர முடியும்?

சபாக் பெர்ணம் மாவட்டத்தில், மலாக்கா நீரிணையோரம் இருக்கிறது பாகான் நக்கோடா ஓமார். அந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாத்தா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அப்பா செம்பனைக் காட்டில் வேலை செய்தவர். மகன் கோலாலம்பூரில் கணினித் துறையில் இருக்கிறான். “நாற்பது பேர் போதும்மா, பூக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஐந்நூறு பேருக்குச் சோறு போடுவதைவிட செலவு குறைவு” என்கிறான். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார். “பாட்டி எப்படிய்யா வருவாங்க?”

பாட்டியிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. எழுபது ஆண்டுகளாக இந்த மண்ணில் வாழ்ந்தாலும் சட்டப்படி அவர் நிரந்தரக் குடியிருப்பாளர்தான். மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே கிடைக்கும். வேறு நாட்டுக் கடப்பிதழும் கையில் இல்லாத முதியவருக்குப் பூக்கெட் பயணம் எளிதான காரியமன்று. நம் தோட்டப்புறங்களில் இப்படிப்பட்ட பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பேரன் கல்யாணத்தில் அட்சதை போட வேண்டிய முதல் கை அவருடையது.

அடுத்து, கடப்பிதழ் எடுக்காத உறவினர்கள். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்குக் கட்டணம் 200 வெள்ளி. 60 வயதைத் தாண்டியவருக்கும் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும் 100 வெள்ளி. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் 600 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. விமான டிக்கெட் வாங்கும் முன்பே மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. கையில் உள்ள பழைய கடப்பிதழ் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, வெளிநாட்டுக் கல்யாணத்தில் செலவு குறைகிறது என்றால் காரணம் வெளிப்படை. ஆள் குறைகிறது. மிச்சச் செலவில் ஒரு பகுதி வருகிறவர்கள் தலையில் விழுகிறது. மொய்க் கணக்கும் இருக்கிறது. அம்மா இருபது ஆண்டுகளாக ஊரெல்லாம் போய் வைத்த மொய், மகன் கல்யாணத்தில் திரும்பி வர வேண்டியது. அது பணக் கணக்கு மட்டுமா? ‘உன் வீட்டுக்கு நான், என் வீட்டுக்கு நீ’ என்ற உறவுக் கணக்கும்தானே!

பதிவு இங்கே, தாலி அங்கே

இரண்டாவது கேள்வி சட்டம். இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

முஸ்லிம் அல்லாத மலேசியர்களின் திருமணங்களை 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் ஆள்கிறது. அது 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. நம் ஊர்க் கோயில்கள் சிலவற்றில் குருக்களே துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்டிருக்கிறார். தாலி கட்டிய கையோடு பதிவும் முடிந்துவிடுகிறது. அதே குருக்களைப் பூக்கெட்டுக்கு அழைத்துப் போனால் அவர் அங்கே குருக்கள் மட்டும்தான். மந்திரம் சொல்லலாம், பதிவு செய்து கொடுக்க முடியாது. விடுதி தருகிற அழகான ‘திருமணச் சான்றிதழ்’ சுவரில் மாட்டத்தான் உதவும்.

அந்தந்த நாட்டிலேயே சட்டப்படி மணம் முடிக்கலாமே என்று கேட்கலாம். முடிக்கலாம். தாய்லாந்தில் என்றால், மணம் முடிக்கத் தடையில்லை என்ற கடிதத்தைத் தூதரகத்தில் பெற வேண்டும். அதைத் தாய் மொழியில் பெயர்த்து, அந்நாட்டு வெளியுறவு அமைச்சில் உறுதிப்படுத்தி, மாவட்ட அலுவலகத்தில் பதிய வேண்டும். இந்தோனேசியாவில் சமயச் சடங்கும் வேண்டும், குடிமைப் பதிவும் வேண்டும். இத்தனையும் முடித்துவிட்டு வந்தால் வேலை தீர்ந்ததா? இல்லை. வெளிநாட்டில் முடிந்த திருமணத்தை ஆறு மாதத்துக்குள் மலேசியப் பதிவாளரிடம் பதிய வேண்டும் என்கிறது நம் சட்டம். பதியாமல் விடுவது குற்றம்.

இதை விட எளிய வழி, பதிவை இங்கேயே முன்கூட்டி முடித்துவிடுவது. தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பித்து, அறிவிப்பு வெளியாகி 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் பதிவுத் திருமணத்தை முடிக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு சாட்சிகள் தேவை. இங்கே பதிவு முடிந்துவிட்டால், கடற்கரையில் நடப்பது சடங்கு மட்டும். எந்த நாட்டுக் காகிதத்துக்கும் அலைய வேண்டியதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பதிவில் கையெழுத்திட்ட நிமிடத்திலிருந்து அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி. ‘தாலிதான் இன்னும் கட்டவில்லையே’ என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. இடையில் இரு வீட்டாருக்கும் மனக்கசப்பு வந்து கல்யாணம் நின்றால், நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். மணவிலக்கு வழக்கை விதிவிலக்கான சூழ்நிலை இல்லாவிட்டால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தொடுக்க முடியாது. பதிவுக்கும் சடங்குக்கும் இடைவெளி குறைவாக இருப்பதே நல்லது.

பிள்ளைகளின் எதிர்காலம்

ஒரு காகிதத்துக்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்க வேண்டாம். கோலி, அனுஷ்கா திருமணத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. இந்தியாவின் 1969ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி அது நடத்தப்படவில்லை, மீண்டும் பதிய வேண்டியிருக்கும் என்று 2018இல் ஒரு வழக்கறிஞர் சொன்னது செய்தியானது.

நம் நாட்டு வழக்கு ஒன்று இதைவிடக் கனமானது. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் அந்நாட்டில் ஒரு குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்து சில மாதம் கழித்தே பெற்றோரின் திருமணம் பதிவானது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4-3 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்தக் குழந்தைக்குத் தந்தை வழிக் குடியுரிமை கிடைக்கவில்லை. சட்டப்படியான திருமணத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் குடியுரிமையே அடிப்படை என்பதுதான் காரணம். வெளிநாட்டுப் பெண்ணைக் கடற்கரையில் தாலி கட்டி அழைத்து வரும் மகன், பதிவை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப் போட்டால் அதன் பலனைச் சுமப்பது பிறக்கப்போகும் பிள்ளைதான்.

மாதம், முகூர்த்தம், கற்பூரம்

இனி நாள் குறிக்கும் கதை. ஆடியும் மார்கழியும் நமக்கு ஆகாது. கடலுக்கும் அதன் சொந்தப் பஞ்சாங்கம் உண்டு. பூக்கெட், கிராபி பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே தை, மாசி, பங்குனி பொருந்தும். வைகாசியும் ஆவணியும் மழையில் மாட்டும். பாலியில் நேர்மாறு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம், எனவே வைகாசி, ஆவணி நல்லது. பெரும்பாலும் மார்ச்சில் வரும் நியெப்பி மௌனத் திருநாளில் பாலி விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும் என்பதையும் மறக்கக் கூடாது.

முகூர்த்த நேரத்தையும் அந்த ஊருக்குக் கணித்து வாங்க வேண்டும். நம் ஊரில் காலை 9 மணி என்றால் தாய்லாந்தில் 8. பாலியில் கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் சூரியன் அங்கே சுமார் ஒரு மணி நேரம் முன்பே உதிக்கிறது. சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடும் ராகு காலம் அதற்கேற்ப மாறும்.

கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள். விமானத்தில் கொண்டுபோக முடியாது. வாழைமரம், மாவிலை, பூமாலை ஆகியவை தாவரச் சோதனையில் சிக்கும். இவை அங்கேயே கிடைக்குமா, திறந்த மணலில் ஹோமம் வளர்க்க விடுதி அனுமதிக்குமா, மழை வந்தால் உள்ளே மண்டபம் உண்டா, நாள் மாறினால் முன்பணம் திரும்புமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

குருக்களையும் இங்கிருந்தே அழைத்துப் போவது மேல். 2010இல் மாலைத்தீவு விடுதி ஒன்றில் வெளிநாட்டுத் தம்பதி திருமண உறுதிமொழியைப் புதுப்பித்துக்கொண்டார்கள். சடங்கை நடத்திய விடுதி ஊழியர் உள்ளூர் மொழியில் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். மந்திரம் என்று நினைத்துத் தம்பதி பணிவோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். காணொளி வெளியாகி, அந்நாட்டு அதிபரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

நம் கரையும் கரைதான்

கடலோரம்தான் வேண்டும் என்றால், பாட்டியும் வரக்கூடிய கடல் மலேசியாவிலேயே இருக்கிறதே! லங்காவி, பங்கோர், போர்ட்டிக்சன் எதற்கும் கடப்பிதழ் வேண்டாம், வெளிநாட்டுப் பதிவு வேண்டாம், துணைப் பதிவாளரான குருக்களும் உதவ முடியும். படம் பிடிக்க வேண்டுமா? செகிஞ்சான் வயல்வெளிக்கும் ரெடாங் கடற்கரைக்கும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து மணமக்கள் வருகிறார்கள். பாகான் நக்கோடா ஓமார்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்.

அதையும் மீறி வெளிநாடுதான் என்று முடிவானால் ஒரு காரியத்தையாவது செய்யலாம். புறப்படும் முன் தோட்டத்துக் கோயிலில் ஒரு பூஜையும், திரும்பிய பிறகு ஊர் டேவானில் ஒரு விருந்தும் வைக்கலாம். பந்தியில் உட்கார வேண்டியவர்கள் உட்காரட்டும். வயது முதிர்ந்தவர்கள் வாழ்த்தட்டும்.

முன்பணம் கட்டும் முன் ஒரு மாலைப் பொழுது வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். இரு வீட்டிலும் கட்டாயம் வர வேண்டிய இருபது பேரின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அடையாள அட்டை, கடப்பிதழ், உடல்நிலை, வேலை விடுப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கே கல்யாணம் வைப்பது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.